தாம்பரத்துக்கு யார் சுற்றுலா வருவார்கள்?

ரோஸ்லின் டீச்சர் மயங்கி விழுந்தபோது பைனாகுலர் அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஏரிக்கரையில் நின்று கூழைக்கடாப் பறவை ஒன்று தலையைத் தண்ணீருக்குள் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற என்னிடம், "கிரேஸ், கண்ணு இருட்டுதும்மா" என்றார். நான் திரும்புவதற்குள் முட்டி மடங்கி, கரை மண்ணில் சரிந்துவிட்டார்.

வெயில் ஏறிவிட்ட நேரம். ஆகாயத்தாமரை அழுகிய வாடை. மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானம் ஒன்று தலைக்கு மேலே இரைந்துகொண்டு போனதால், நான் கத்தியது வேனில் இருந்தவர்களுக்குக் கேட்கவே இல்லை.

என் தோழி வசந்திதான் ஓடிவந்தாள். டீச்சரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தில் தண்ணீர் தெளித்து, பாட்டிலை உதட்டருகே கொண்டுபோனாள். பாதி நினைவிலும் டீச்சர் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வேணாம் வசந்தி. குடிச்சா பாத்ரூம் வரும்."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விடிந்ததிலிருந்து அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அவர் விழுந்த இடத்துக்கு எதிரிலேயே கழிப்பறைக் கட்டடம் இருந்தது. சுவரில் மயில் படம் போட்ட டைல்ஸ். கதவில் துருப்பிடித்த பூட்டு.

ஏறுகிற ஊர்

போன வாரம் நான் எழுதிய கொடைக்கானல் வேன் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "ஊரையெல்லாம் எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போனீர்களே, உங்கள் ஊருக்கு யாரையாவது கூட்டி வந்ததுண்டா?" அதற்குப் பதில் சொல்லத்தான் டீச்சர் விழுந்த கதையில் தொடங்கினேன்.

மேற்குத் தாம்பரத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில், என் டிராவல்ஸ் அலுவலகம். வேளாங்கண்ணிக்கு வேன், குற்றாலத்துக்கு பஸ், ஊட்டிக்கு மூன்று நாள் பேக்கேஜ். கணவர் இறந்த பிறகு தொழிலை நானே பார்த்துக்கொண்டேன். அத்தனை வருடத்தில் வெளியூரிலிருந்து ஒருவர்கூட போன் செய்து, "தாம்பரத்துக்கு வரணும், என்ன பார்க்கலாம்?" என்று கேட்டதில்லை.

கேட்கவும் மாட்டார்கள். தெற்கிலிருந்து வரும் ரயில் விடியற்காலையில் தாம்பரத்தில் நிற்கும். மூட்டை முடிச்சோடு ஜனம் இறங்கும். இறங்கிய வேகத்தில் மின்சார ரயிலுக்கு ஓடும். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு டீ குடிப்பவர்கள்கூட, மனதளவில் எழும்பூரிலோ தி. நகரிலோதான் நின்றுகொண்டிருப்பார்கள்.

நாங்கள் சென்னையா இல்லையா என்பதே எங்களுக்குச் சரியாகத் தெரியாது. சொந்த ஊரில் நடக்கும் கல்யாணத்துக்குப் போனால், "சென்னைக்காரங்க வந்துட்டாங்க" என்பார்கள். மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்குப் போனால், "அவ்ளோ தூரத்துலேர்ந்தா வர்றீங்க?" என்று இன்னொரு இட்லி வைப்பார்கள். என் மகளுக்கு வரன் பார்த்த காலத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டார், "சென்னைன்னு சொன்னாங்களே" என்று இழுத்தார்கள். அந்த வரன் அதோடு நின்றது. நல்லவேளை என்று இப்போது தோன்றுகிறது.

டீச்சர் கேட்ட கேள்வி

ரோஸ்லின் டீச்சர் பம்மல்காரர். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவுக்குப் பின்வரிசையில் உட்காருவார். என் வேன்களில் அவர் போகாத ஊர் இல்லை. ஜன்னலோர சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்வார். வழி நெடுக யாரையும் தூங்க விடமாட்டார்.

ஒருநாள் ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது என்னைக் கேட்டார். "எல்லா ஊரையும் காட்டற. நம்ம ஊரை ஏன் காட்ட மாட்டேங்கற?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கீழ்க்கட்டளையில் இருக்கும் வசந்தியிடம் கொண்டுபோனேன். அவள் சரித்திர ஆசிரியை. வகுப்பில் நாற்பது நிமிடத்தில் மணி அடித்துவிடுகிறதே என்ற வருத்தம் உள்ளவள். கேட்டதும் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டாள். பல்லாவரம் மேட்டில் ஆதிமனிதன் செதுக்கிய கல்லாயுதம் கிடைத்திருக்கிறது. பல்லவர் குடைந்த குகை இன்று தர்காவாக இருக்கிறது. திருநீர்மலையில் படியேறினால் விமானங்கள் நம் கண் மட்டத்தில் இறங்கும். வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய கடிகாரத்திலிருந்து புறாக்குஞ்சு வரைக்கும் கிடைக்கும். இது போக ஏரிகள், ஏரிகளுக்கு வரும் பறவைகள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சுற்றுலா வருகிறவருக்கு ஒரு முழு நாள் வேண்டும். எங்கள் பக்கத்து ஊர் ஒவ்வொன்றிடமும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. முழு நாள் எந்த ஊரிடமும் இல்லை. மலை ஒரு நகராட்சி, ஏரி ஒரு பேரூராட்சி, சந்தைக்கு வேறு ஆள். ஒருவர் எல்லையில் இருப்பதை அடுத்தவர் சொல்லமாட்டார்.

அந்த ஒவ்வொரு மணி நேரத்தையும் சேர்த்து ஒரு நாளாக்கிவிடலாம் என்று நானும் வசந்தியும் நினைத்தோம். சர்ச்சிலிருந்தும் வசந்தியின் காலனியிலிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். முதல் சீட் ரோஸ்லின் டீச்சருக்கு. அந்தப் பயணத்தில்தான் அவர் விழுந்தார்.

ஏரியின் பெயரை எழுதாமல் விடுகிறேன். மேடவாக்கம் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இன்னும் பறவைகள் முட்டையிடுகின்றன. பெயரை எழுதினால் அடுத்த ஞாயிறே ட்ரோனோடு யாராவது போய் நிற்பார்கள்.

பூட்டு யாருடையது

வழியில் போன ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். "இன்னாக்கா ஆச்சு? கால் பக்கம் நீ புடி, நான் தூக்கறேன்" என்று உள்ளே இருந்த சவாரிகளை இறக்கிவிட்டு டீச்சரை ஏற்றிக்கொண்டார். இறங்கியவர்களில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அதை இங்கே எழுதி வைக்க ஆசைப்படுகிறேன்.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். உடம்பில் நீர்ச்சத்து வற்றியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்றார் டாக்டர். சாயங்காலத்துக்குள் டீச்சர் எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரரிடம் கூழைக்கடாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் மகன் ஜெயசீலன் ஆபீசிலிருந்து நேரே வந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தணிந்த குரலில் பேசினார்.

"ஆன்ட்டி, இனிமே அம்மாவை எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க."

டீச்சர் கட்டிலில் இருந்தபடி அதைக் கேட்டார். ஒரு வகுப்பறை முழுக்க அடக்கியவர், போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். அதன் பிறகு என் வேன்களில் ஜன்னலோர சீட்டை யாரும் கேட்டு வாங்கவில்லை.

நானும் வசந்தியும் அந்தப் பூட்டைத் திறக்க அலைந்தோம். முதலில் போன அலுவலகத்தில் நன்றாகத்தான் பேசினார்கள். கட்டடம் தங்களுடையதே என்றும், செப்டிக் டேங்க் மட்டும் பக்கத்து ஊர் எல்லைக்குள் போய்விட்டது என்றும் சொன்னார்கள். பக்கத்து ஊர் அலுவலகத்தில், தாங்கள் கட்டாததைத் தாங்கள் எப்படிக் கழுவுவது என்று கேட்டார்கள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஏரித் தண்ணீருக்கு மூன்றாவதாக ஒரு துறை. அவர்களுக்குக் கரையில் நடப்பது பற்றிக் கவலையில்லை.

வெளியே வரும்போது வாசலில் உட்கார்ந்திருந்த வயதான ஊழியர் எங்களைப் பார்த்துப் பாவப்பட்டார். "டூரிஸ்டு அது இதுன்னு மனு குட்த்துகினு அலையாதீங்கம்மா. மேல போனா இன்னா ஊருன்னு கேப்பான். இது ஊரில்ல, லிமிட்டு."

வசந்தி அந்த வார்த்தையை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். லிமிட்டு.

பெயர்ப்பலகை மாறிய பிறகு

சில வருடங்கள் போயின. நடுவில் கொரோனா வந்து என் தொழிலைப் படுக்கப்போட்டது. அது ஓய்கிற சமயத்தில்தான் தாம்பரம் மாநகராட்சி ஆகிறது என்ற செய்தி உறுதியானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன.

எங்கள் தெருவில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. வீட்டு வரி ஏறும் என்பதுதான் முதல் பேச்சு. நானும் நம்பிக்கையில்லாத கட்சி. அதே கட்டடம், அதே மின்விசிறி, பெயர்ப்பலகை மட்டும் புதுசு என்றேன்.

வசந்தி ஒத்துக்கொள்ளவில்லை. "கிரேஸ், அந்தக் கட்டடமும் அந்த டேங்கும் இப்ப ஒரே எல்லைக்குள்ள வந்துடுச்சு. அதை யோசிச்சியா?" என்றாள்.

யோசித்திருக்கவில்லை. இரண்டு அலுவலகங்கள் ஒன்றையொன்று காட்டிக்கொண்டிருந்த கை, இப்போது காட்ட ஆளில்லாமல் நின்றது. கரையின் அந்தக் கோடியில் ஒரு துண்டு மட்டும் இன்னும் கிராமப் பஞ்சாயத்தாகவே இருந்தது. அது போகட்டும் என்று விட்டோம்.

மண்டல அலுவலகத்தில் புதிதாக வந்திருந்த பிரபாகர் என்ற இளம் எஞ்சினியர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். முன்பெல்லாம் ஒரு சின்ன ஊர் தன் தெருவிளக்குக்கும் குப்பைக்கும் மேல் எதையும் நினைத்துப் பார்க்க முடியாது என்றார். இப்போது மலை, குகை, சந்தை, ஏரி எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டு, இது ஒரு நகரம், இங்கே இவ்வளவு இருக்கிறது என்று சுற்றுலாத் துறையிடம் கேட்கலாம். கேட்டால் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால், இன்னா ஊர் என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் இருந்தது.

ஏரிக்கரையை அழகுபடுத்துவது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள், வாருங்கள் என்று அவரே கூப்பிட்டார்.

ஃபவுண்டனும் பாத்ரூமும்

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் விசேஷத்தின் ரோஜா இதழ்கள் நாற்காலிக் காலடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. கூட்டம் நிறைய. எல்லோருக்கும் ஆசை வந்திருந்தது.

பாட்டுக்கு ஆடும் நீரூற்று வேண்டும் என்று ஒருவர் கேட்டார். படகு விட வேண்டும் என்றார் இன்னொருவர். ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்தி விளக்குப் போட்டால் செல்ஃபி எடுக்கக் கூட்டம் வரும் என்று சில இளைஞர்கள் எழுந்து சொல்ல, பலமான கைதட்டல். திரையில் நீரூற்றின் படம்கூடத் தயாராக இருந்தது. ஊதா நிறத்தில்.

நான் எழுந்து கழிப்பறை என்றேன். சிலர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார்கள். வசந்தியும் பேசினாள். பரிசீலிப்பதாக மேடையிலிருந்து சொன்னார்கள்.

அப்போது பின்னால் நாற்காலி நகரும் சத்தம். ரோஸ்லின் டீச்சர். கூட்டம் இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு கேட்டதில், சர்ச்சுக்குப் போவதாக மகனிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வந்திருந்தார். அவர் மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்கு எந்தக் காலத்திலும் மைக் தேவைப்பட்டதில்லை.

"நான் அந்தக் கரையில மயக்கம் போட்டு விழுந்தவ. ஃபவுண்டன் இல்லாததால விழல. வெளியூர் போனாலும் உள்ளூர் போனாலும் நாங்க பொம்பளைங்க மொதல்ல விசாரிக்கறது பாத்ரூமைத்தான். இல்லைன்னா தண்ணி குடிக்க மாட்டோம். நீங்க எதை வேணா கட்டுங்க. ஆனா ஒரு பொம்பளை தைரியமா தண்ணி குடிக்கற எடமா இருந்தாத்தான் அது சுற்றுலாத் தலம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. கூட்டத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். முன்வரிசையில் பச்சைப் புடவைக்காரப் பெண் எழுந்து, தனக்கும் அதேதான் என்றார். அடுத்து இன்னொருவர். பிறகு ஒருவர் பேசி முடிக்கும்வரை இன்னொருவரால் காத்திருக்க முடியவில்லை. பிரபாகர் எழுந்து போய் திரையை அணைத்தார்.

ஜெயசீலனின் ஆய்வு

வேலை ஒரே வாரத்தில் முடிந்துவிட்டதாக எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மழை வந்தது. தேர்தல் வந்தது. ஒப்பந்தக்காரர் ஒருவர் பாதியில் போனார். ஆனால் பூட்டு கழன்றது. தண்ணீர்த் தொட்டி வந்தது. பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணியை நியமித்தார்கள். வாசலில் விளக்கு. அதோடு கரையில் நடைபாதை, உட்கார பெஞ்சுகள், எந்தப் பறவை எந்த மாதம் வரும் என்று வசந்தி எழுதிக்கொடுத்த பலகை. ஊதா நீரூற்று மட்டும் வரவில்லை. நிதி வந்தால் பார்க்கலாம் என்கிறார்கள். வராமலே போகட்டும் என்று நான் ஜெபித்துக்கொள்கிறேன்.

திறந்த புதிதில் ஒரு சாயங்காலம் டீச்சர் தன் மகனை அங்கே அழைத்துவந்தார். நானும் இருந்தேன். ஜெயசீலன் ஆண்கள் பக்கம் உள்ளே போனார். குழாய் திறக்கும் சத்தம், மூடும் சத்தம், மறுபடி திறக்கும் சத்தம். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். வெளியே வந்து கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, காவலுக்கு இருந்த பெண்மணியிடம் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும் என்று விசாரித்தார்.

பிறகு என்னிடம் வந்தார். "தொப்பி போட்டுக்கச் சொல்லுங்க ஆன்ட்டி. வெயில்ல நிக்கக் கூடாது."

அவ்வளவுதான். டீச்சர் ஏரியைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முகத்தை நான் பார்க்காமல் விட்டேன்.

பாதை முடிகிற இடம்

சமீபத்தில்தான் மறுபடி அந்த ஒருநாள் பயணத்தை நடத்தினோம். இந்த முறை உள்ளூர்க்காரர்கள் பாதிதான். மீதிப் பேர் விழுப்புரம், திருநெல்வேலி, பெங்களூர். மாநகராட்சியின் இணையப் பக்கத்தில் பெயர் போடாமல் வந்த எங்கள் ஏரியின் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டு வந்தவர்கள். திருநெல்வேலித் தம்பதி தாம்பரத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். அந்த அம்மாவிடம் ஊர் பிடித்திருக்கிறதா என்று மூன்று முறை கேட்டுவிட்டேன். மூன்றாவது முறை அவர் என்னைக் கொஞ்சம் ஒருமாதிரி பார்த்தார்.

விடுமுறை நாளானாலும் பிரபாகர் வந்திருந்தார். தன் நடைபாதையை எங்களுக்குப் பெருமையோடு காட்டிக்கொண்டே வந்தார். சிவப்பும் சாம்பலுமாகக் கற்கள். வழுக்காது, மழைத் தண்ணீர் தேங்காது என்றார். எல்லோரும் பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு கொக்குகூட இல்லை.

பாதை சட்டென்று ஓரிடத்தில் நின்றது. அதற்கு மேல் பஞ்சாயத்து எல்லை. வெறும் மண் கரை, கருவேல மரங்கள். அந்த மரங்களில்தான் அத்தனை பறவைகளும் இருந்தன. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம். இரைச்சல் நாங்கள் நின்ற இடம் வரைக்கும் கேட்டது.

பிரபாகரின் முகம் சின்னதாகிப் போனது.

மண் கரையில் குடை நட்டு சுண்டல் விற்றுக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்து, "ஏன் அங்கியே நின்னுட்டீங்க? இப்டி வாங்க, இங்கதான் நல்லா தெரியும்" என்று கூப்பிட்டார். அவர் பெயர் செல்வி. நாங்கள் ஒவ்வொருவராகக் கல்பாதையிலிருந்து மண்ணில் இறங்கினோம். டீச்சருக்கு வசந்தி கை கொடுத்தாள்.

செல்வி காகிதத்தில் சுண்டலைக் கட்டிக்கொண்டே பேசினார். தங்கள் ஊரையும் மாநகராட்சியில் சேர்க்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறதாம். ஊரில் பாதிப் பேருக்கு வேண்டும், பாதிப் பேருக்கு வேண்டாம். அவருக்கே தெரியவில்லை. "உங்க பக்கம் சேத்துட்டாங்களே, நல்லாகீதாக்கா?" என்று டீச்சரைக் கேட்டார்.

டீச்சர் அவசரப்படவில்லை. சுண்டலில் கிடந்த மாங்காய்த் துண்டைத் தேடித் தின்றுவிட்டுச் சொன்னார். "பாத்ரூம் நல்லா இருக்கு. அதனாலதான் என் பையன் என்னை வெளிய விட்டான். வரி கூடிப்போச்சு. பறவையெல்லாம் உங்க பக்கம் வந்துடுச்சு. மூணையும் சேத்துச் சொல்லிட்டேன். நீயே யோசிச்சுக்கோ."

செல்வி யோசித்தார். பிரபாகரும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர், எந்த மரத்தில் கூடு அதிகம் என்று செல்வியைக் கேட்டார். இருவரும் மண்ணில் நடந்து போனார்கள். அவர் செல்போனில் மரம் மரமாகப் படம் எடுத்தார். திரும்பி வந்து வசந்தியிடம் சொன்னார்: "மேடம், இந்தப் பக்கம் எங்க கைக்கு வந்தா, இதை மண்ணாவே விடணும்னு நான் எழுதுவேன். என் ஒருத்தன் கையில இல்ல. ஆனா எழுதுவேன்."

"எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டுங்க" என்றாள் வசந்தி. சரித்திர ஆசிரியைக்கு எழுத்து என்றால் நம்பிக்கை.

செல்விக்கும் ஏதோ முடிவு வந்திருக்க வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு எங்களையும் வரச் சொன்னார். ஃபவுண்டன் கேட்க ஆள் இருக்கும், மரத்துக்காகப் பேச ஆள் வேண்டும் என்றார். டீச்சர் உடனே தேதி கேட்டார்.

வேன் கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. யாரும் நகரவில்லை. திருநெல்வேலிக்காரம்மா கருவேல நிழலில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். டீச்சரின் போன் அடித்தது. ஜெயசீலன். எங்கேம்மா இருக்கிறாய், ஏன் இவ்வளவு நேரம் என்று அவர் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

டீச்சர் ஒரு கையில் சுண்டல் பொட்டலத்தையும் ஒரு கையில் போனையும் பிடித்துக்கொண்டு, நாரைகளின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்.

"கார்ப்பரேஷன் முடிஞ்சுதுப்பா. இப்ப பஞ்சாயத்துல இருக்கேன். வர லேட்டாகும், நீ சாப்பிட்டுடு."